தடையிலா வாணிகமும் தடைபட்ட குரலும்

பொருளியல் வரலாற்றை எழுதப் புகுவோர் விலை, விளைச்சல், ஏற்றுமதி, இலாபம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவர். அரசியல் வரலாற்றை எழுதுவோர் ஆட்சிமுறை, சட்டம், கிளர்ச்சி ஆகியவற்றை விரித்துரைப்பர். இவை இரண்டும் தனித்தனி நூல்களாகித் தனித்தனி அலமாரிகளில் அமர்ந்துவிடுகின்றன. ஆயினும், பால்மரம் சீவிய ஒரு தொழிலாளியின் நாட்கூலியில் இவ்விரண்டும் ஒன்றாகவே கலந்திருந்தன. அன்று அவனுக்கு 50 காசு கிடைத்ததா, 40 காசு கிடைத்ததா என்பதை உலகச் சந்தையில் ரப்பர் விற்ற விலை மட்டும் முடிவு செய்யவில்லை. கூடுதலாகக் கேட்க அவனுக்கு வாய் இருந்ததா, கேட்டபின் அவன் அத்தோட்டத்தில் இருக்க முடிந்ததா என்பவையும் சேர்ந்தே முடிவு செய்தன.

சந்தைக்கு மிகுந்த சுதந்திரமும் மக்களுக்குக் குறைந்த சுதந்திரமும் அளித்த ஆட்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நாடு தென்னமெரிக்காவிலுள்ள சில்லி. 1973 செப்டம்பர் 11ஆம் நாள் பினோசே தலைமையில் இராணுவம் அங்கு ஆட்சியைக் கைப்பற்றியது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பொருளியலாளர்கள் அவ்வாட்சிக்கு வழிகாட்டினர். விலைக்கட்டுப்பாடுகள் நீங்கின, இறக்குமதி வரிகள் குறைந்தன, அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன. 1979இல் வந்த தொழிற்சட்டம், தொழிலாளர் பேரம் பேசும் உரிமையை அந்தந்த நிறுவனத்தின் வேலிக்குள் அடக்கியது. ஆயினும், 1982இல் பெருநெருக்கடி தோன்றியபோது அவ்வரசு, சந்தையே தீர்ப்பளிக்கட்டும் என்று வாளாவிருக்கவில்லை. 1983இன் தொடக்கத்தில் முதன்மையான வங்கிகளைத் தானே பொறுப்பேற்றுக் காத்தது.

இத்தகைய அமைப்பைக் காணத் தமிழ் வாசகர் சில்லிவரை செல்ல வேண்டுவதில்லை. சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உலு சிலாங்கூர்வரை பரவிக் கிடந்த தோட்டங்களின் வரலாறே போதும். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றில் ஆட்சியாளர் மாறினர், முதலாளிகள் மாறினர், பயிரும் மாறியது. சந்தையின் சட்டம் யாருக்குப் பொருந்தும், யாருக்குத் தளர்த்தப்படும் என்பதில் மட்டும் மாற்றம் மிக மெதுவாகவே வந்தது.

துரைத்தனமும் நிலமும்

1874ஆம் ஆண்டு தொடங்கிப் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் சிலாங்கூர் அரசில் இடம்பெற்றனர். சுல்தானுக்கு ஆலோசனை கூறுவோர் என்பது அவர்தம் பதவிப் பெயர். நாட்டை ஆண்டவர்கள் அவர்களே. 1896இல் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் மாநிலங்களாயின. 1909இல் கூட்டரசு மன்றம் அமைந்தது. அதில் தோட்ட முதலாளிகளின் சார்பில் பேசுவோர் நியமனம் பெற்று அமர்ந்தனர். இந்தியர் ஒருவர் அம்மன்றத்தில் இடம்பெற 1928வரை காத்திருக்க நேர்ந்தது, அவரும் நியமிக்கப்பட்டவரே. தேர்தல் என்பதே இல்லாத ஆட்சி அது.

இவ்வாட்சி வாணிகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. காட்டு நிலம் குறைந்த வரிக்கு, உறுதியான பட்டாவுடன் வழங்கப்பட்டது. ஈய வருவாயைக் கொண்டு சாலைகளும் இருப்புப்பாதைகளும் போடப்பட்டன. 1890களில் சிலாங்கூரில் காப்பி பயிரிட்டோர், பிரேசில் காப்பி உலகில் பெருகி விலை வீழ்ந்தபோது ரப்பருக்கு மாறினர். மோட்டார் வண்டியின் பெருக்கம் ரப்பரைப் பொன்னாக்கியது. 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் ஒரு இறாத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கிற்கு மேல் விற்றது. தோட்டத்தைக் கண்ணாலும் கண்டிராத பங்குதாரர்கள், ஜெராம் எங்கே, ஈஜோக் எங்கே என்று அறியாமலே இலாபம் பெற்றனர்.

அக்காலத்தில் சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு வந்த துரைமாருள் ஒருவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்த அவர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917இல் அவர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். பிற்காலத்தில் அவர் எழுதிய மலாயா நாவல், 1930ஆம் ஆண்டுக்குரிய கோன்கூர் பரிசைப் பிரெஞ்சு நாட்டில் பெற்றது. செம்பனை பிறந்த தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்றிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பட்டாவில் பிரெஞ்சுக்காரர் பெயர் இருந்தது. வழங்கிய பெயர் உழைத்தவர் மொழியில் இருந்தது.

குழாயின் திருகு

தடையிலா வாணிகத்தை வற்புறுத்துவோர், உழைப்பும் ஒரு பண்டமே என்பர். தேவை மிகுந்தால் கூலி உயரும், குறைந்தால் தாழும் என்பர். வடசிலாங்கூர்த் தோட்டங்களில் இவ்விதி எவ்வாறு நடைமுறைப்பட்டது என்பதை ஊன்றி நோக்க வேண்டும்.

முதலில் இருந்தது சஞ்சிக்கூலி முறை. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன், வாங்கிய முன்பணம் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. இம்முறையில் ஆள்சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்டது. அதனினும் வலுவாக வளர்ந்தது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குச் சென்று, உற்றாரையும் அயலாரையும் அழைத்து வந்தான். சட்டத்தின் கண்ணில் அவ்வாறு வந்தவன் சுதந்திரத் தொழிலாளி. ஆயினும், ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் எனக் கருதித் தண்டிக்கும் வழக்கம் 1920களின் தொடக்கம்வரை மறையவில்லை.

1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி என்று ஒரு நிதி சட்டத்தால் நிறுவப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதற்கு வரி செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவோர்க்கு இலவசக் கப்பல் பயணம் அளிக்கப்பட்டது. நிதியை நடத்திய குழுவில் அதிகாரிகளும் துரைமாரும் அமர்ந்தனர். உழைப்போர் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பியவர் எவரும் அதில் இல்லை.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியது. தோட்டங்களுக்கு ஆள் தேவை மிகுந்து, கூலி உயரும் நிலை வரும்போது, கங்காணிகளுக்குக் கூடுதல் உரிமச்சீட்டு வழங்கினர். கப்பல்கள் நிறைந்து வந்தன. கூலி இருந்த இடத்திலேயே இருந்தது. ரப்பர் விலை வீழ்ந்து ஆள் மிகும்போது, உரிமச்சீட்டை நிறுத்தினர். அதே நிதியைக் கொண்டு தொழிலாளரைத் திருப்பி அனுப்பினர். தண்ணீர் தானே ஓடுவதுபோல் தோன்றும். குழாயின் திருகு ஒருவர் கையில் இருக்கும். வாங்குவோரே வரத்தையும் முடிவு செய்யும் இடத்தைச் சந்தை என்று அழைப்பது சொல்லின் பொருளையே மாற்றுவதாகும். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்னும் பழமொழியே இதற்குப் பொருந்தும்.

விலை வீழ்ந்தபோது

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. சந்தையின் விதிப்படி, தாக்குப்பிடிக்க முடியாத தோட்டங்கள் மூடப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஸ்டீவன்சன் திட்டம் என்று அழைக்கப்பட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் 1922 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்தின் அடிப்படை விளைச்சலில் தொடக்கத்தில் 60 விழுக்காடு மட்டுமே குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம் என்றாயிற்று. வரத்துக் குறைந்தது, 1925இல் விலை இறாத்தலுக்கு 4 ஷில்லிங்கையும் கடந்து ஏறியது. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் இத்திட்டத்தில் சேராமல் தம் விளைச்சலைப் பெருக்கிக்கொண்டமையால், 1928 நவம்பரில் இது கைவிடப்பட்டது. 1934இல் பல அரசுகள் கூடி அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. புதிய நடவும் தடுக்கப்பட்டது. தடையிலா வாணிகத்தைப் போற்றிய பேரரசு, தன் முதலீட்டுக்குக் கேடு வந்தபோது வாணிகத்திற்குத் தடைபோடத் தயங்கவில்லை என்பது இவற்றால் புலனாகும்.

இவ்விரு திட்டங்களுக்கும் இடையே வந்தது உலகப் பொருளாதார வீழ்ச்சி. 1932இல் சிங்கப்பூரில் ஒரு இறாத்தல் ரப்பர் 5 காசு அளவிற்குத் தாழ்ந்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக அறிவிக்கப்பட்டிருந்தன. 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் கூலி இறங்கி, பல தோட்டங்களில் முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதிக்கு வந்தது. அதே ஆண்டில் கங்காணி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் பிறந்த குழந்தைகளும் அக்கப்பல்களில் இருந்தனர். அவர்கள் திரும்பிச் சென்ற நாட்டை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

விலை வீழ்ச்சி ஒன்றே. முதலாளிக்கு அது அரசு தலையிட்டுத் தீர்க்க வேண்டிய இடராகவும், தொழிலாளிக்கு அவனே பொறுத்துக்கொள்ள வேண்டிய இயற்கை நியதியாகவும் விளங்கியது.

தாயகத்திலிருந்து ஓரளவு குரல் எழுந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்து தொழிலாளர் நிலையைக் கண்காணிக்க வழிசெய்தது. 1936இன் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். மறு ஆண்டு வெளிவந்த அவரது அறிக்கை, பழைய 50 காசுக் கூலியை மீட்க வேண்டும் என்றும், கங்காணி ஆள்சேர்ப்பை மீண்டும் தொடங்கலாகாது என்றும் கூறியது. அந்தக் கூலி மீட்கப்பட்டது, ஆனால் நிலைக்கவில்லை. 1938இல் விலை மீண்டும் தளர்ந்தவுடன் முதலாளிகள் கூலியைக் குறைத்தனர். இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள், மலாயாத் தோட்டங்களுக்கு உதவிபெற்றுச் செல்லும் குடிபெயர்வைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளாகத் துரைமாரின் கையிலிருந்த திருகு முதன்முறையாக வெளியிலிருந்து மூடப்பட்டது.

விலை உயர்ந்தபோது

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ரப்பர் போர்ப்பண்டமாயிற்று. பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தது மலாயா ரப்பரே. விலையும் தேவையும் உயர்ந்தன, விலைவாசியும் உயர்ந்தது. புதிய ஆள்வரத்தும் இல்லை. சந்தை விதி உண்மையாயின், தொழிலாளரின் காலம் வந்திருக்க வேண்டும்.

1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம் நகரத்துப் படித்தோரின் அமைப்பாயினும், தோட்டங்களின்பால் கருத்துச் செலுத்தியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். 1941இன் தொடக்கத்தில் அச்சங்கம் தோட்டத்தொழிலாளர் சார்பில் வைத்த கோரிக்கைகள் பலரும் அறிந்தவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும்; கொடுமை புரியும் தண்டல்களையும் கிராணிகளையும் நீக்க வேண்டும்; பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்து செல்லத் தடை கூடாது; துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இறுதியாகச் சொன்ன கோரிக்கையைச் சிறிதென்று கருதுதல் தவறு. அதற்கு விலை இல்லை. அதை நிறைவேற்ற முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை. எனினும், அதுவே பிற கோரிக்கைகளுக்கெல்லாம் வேராக அமைந்தது. சாலையில் நேர்நின்று செல்ல உரிமையில்லாதவன் கூலிக்கு எவ்வாறு பேரம் பேசுவான்? பேரம் என்பது இருவர் சமமாக நிற்கும் இடத்திலன்றோ நிகழும்!

வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1941 மே 5ஆம் நாள் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். கிளர்ச்சி கிள்ளானைக் கடந்து சிலாங்கூரின் பிற மாவட்டங்களையும் தொட்டது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் நாடுகடத்தப்பட்டனர். இதற்கு நான்கு ஆண்டுகட்கு முன், 1937 மார்ச்சில், வடசிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர் பெருமளவில் நடத்திய வேலைநிறுத்தமும் காவற்படையாலேயே முறியடிக்கப்பட்டது. உழைப்பவன் சீனனாயினும் தமிழனாயினும், அரசு விடையளித்த முறை ஒன்றாகவே இருந்தது.

இவ்வாறு, விலை வீழ்ந்தபோது கூலியைக் குறைக்கச் சந்தை விதி காட்டப்பட்டது. விலை உயர்ந்தபோது கூலியை உயர்த்த அதே விதியைத் தொழிலாளர் காட்டினர். அதற்கு மறுமொழியாகத் துப்பாக்கி வந்தது. வடசிலாங்கூர்த் தோட்ட வரலாற்றில் கற்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று என்றால், அது இதுவே எனலாம்.

அவசரகாலமும் துண்டாடலும்

சப்பானியர் ஆட்சி முடிந்தபின் தொழிற்சங்கங்கள் விரைந்து வளர்ந்தன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தில் தோட்டத்தொழிலாளர் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தனர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதோடு அச்சம்மேளனம் வீழ்ந்தது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஆயுதமற்ற 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் கொல்லப்பட்டதும் இக்காலத்தின் செயலே. பல தோட்டங்களில் தொழிலாளர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை அடக்குவது அரசின் நோக்கம். ஆயினும், ஆயுதம் ஏந்தாத தொழிற்சங்கத்தானும் வாய் திறக்க அஞ்சும் நிலை அதனோடு சேர்ந்து வந்தது.

1954இல் பி. பி. நாராயணன் முதலியோர் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சட்டத்திற்குட்பட்டு முதலாளிகளுடன் அமர்ந்து பேசும் வழியை அது மேற்கொண்டது. அதனால் சில நன்மைகள் விளைந்தன. ஆயினும், கூலியை ரப்பர் விலையோடு பிணைக்கும் ஏற்பாடு ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. விலை இறங்கினால் கூலியும் இறங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தாங்க வலிமையற்றவன் தோளிலேயே அது சுமத்தப்பட்டது.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் ஐரோப்பிய நிறுவனங்கள் பல, தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற விரும்பின. நிலத்தரகர் கூட்டுச்சேர்ந்து தோட்டங்களை வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதையே தோட்டத் துண்டாடல் என்பர். விற்பவனும் மனமொத்து விற்றான்; வாங்குபவனும் மனமொத்து வாங்கினான்; சட்டத்தில் பிழை யாதுமில்லை. எனினும், அவ்விற்பனையில் சேராத மூன்றாமவர் இருந்தனர். அவர்கள் இழந்தவை வேலை, லயத்து வீடு, பள்ளி, கோயில் ஆகியவை. பேராசிரியர் உங்கு அசீஸ் துண்டாடலை ஆராய்ந்து அளித்த அறிக்கை 1963இல் வெளிவந்து, அதன் தீமைகளை நாடறியச் செய்தது.

இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் திரட்டிய பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. சந்தையை மறுக்காமல் சந்தைக்குள்ளேயே கூட்டாக நுழைந்த முயற்சி இது. தனித்தனியே நின்றால் விற்கப்படும் பொருளாக இருந்தவர், ஒன்று சேர்ந்தபோது வாங்குவோராயினர் என்பது இதன் சிறப்பு. ஆயினும், துண்டாடலின் அளவை நோக்க இம்முயற்சி காப்பாற்றியது சிறு பகுதியே.

1969இன் கலவரத்திற்குப் பின் மீண்டும் அவசரகாலம் வந்தது. நாடாளுமன்றம் 1971வரை கூடவில்லை. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்திற்குக் கப்பலேறினர். 1930களின் காட்சி மீண்டும் நிகழ்ந்தது. வேறுபாடு, இம்முறை கப்பலை அனுப்பியது அயலார் ஆட்சி அன்று என்பதே.

தனியார்மயக் காலம்

1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாடு மலேசிய அரசு சார்ந்த பெர்மோடாலான் நேஷனல் கைக்கு வந்தது. அயலார் கையிலிருந்த பெருந்தோட்டங்கள் சந்தை வழியிலேயே நாட்டுடைமை போன்றதோர் நிலையை அடைந்தன. நாட்டின் தன்மதிப்பிற்கு அது வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்றவனுக்குப் பெயர்ப்பலகை மாறியதன்றி வேறு மாற்றம் உடனே புலப்படவில்லை.

அவ்வாண்டு ஜூலையில் டாக்டர் மகாதீர் முகம்மது பிரதமரானார். 1983இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1986இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. அரசின் பணிகள் தனியாருக்கு மாறின. அந்நிய முதலீடு பெருகிற்று. அதே காலத்தில், 1987 அக்டோபரில், ஓப்பராசி லாலாங் என்னும் நடவடிக்கையின் கீழ் அரசியலார், கல்வியாளர், சமூகத் தொண்டர் என நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தால் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். நாளிதழ்கள் சிலவற்றின் உரிமம் பறிக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகளில் 1988வரை தொழிற்சங்கம் அமைக்க இடமளிக்கப்படவில்லை. அதன் பின்னரும் நிறுவனத்திற்குள் அடங்கிய சங்கமே அனுமதிக்கப்பட்டது.

நடுவுநிலை தவறாது கூறுவதாயின், சில்லியையும் மலேசியாவையும் ஒன்றென்று சொல்லுதல் பொருந்தாது. இங்குத் தேர்தல்கள் உரிய காலத்தில் நடந்தன. இராணுவம் ஆட்சிக்கு வரவில்லை. நாட்டின் பொருளியல் வளர்ச்சியும் உண்மையே. தீபகற்பத்தில் 1970இல் 49 விழுக்காட்டளவு இருந்த வறுமை, 1990இல் 15 விழுக்காட்டளவிற்குக் குறைந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்கும் உயர்கல்விக்கும் சென்றது இக்காலத்திலேதான். வளர்ச்சி நிகழ்ந்ததா என்பது கேள்வியன்று. அவ்வளர்ச்சிக்குரிய முடிவுகள் எடுக்கப்பட்ட மேசையில் யாருக்கு இடம் இருந்தது என்பதே கேள்வி.

இக்கேள்வி வடசிலாங்கூரில் நிலத்தின் வடிவில் எழுந்தது. 1991ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டது. பொதுநலனுக்காக மட்டுமன்றி, பொருளியல் வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதும் எந்நோக்கத்திற்கும், தனியார் நிறுவனத்திற்காகவும் நிலத்தை எடுக்க அத்திருத்தம் வழிவிட்டது. 1994இல் முழுமை பெற்ற வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை, உலு சிலாங்கூரின் தோட்ட நிலத்தை நகர நிலமாக்கியது. ரப்பருக்கோ செம்பனைக்கோ ஏக்கர் கணக்கில் மதிப்பிடப்பட்ட மண், வீட்டுமனைக்குச் சதுர அடிக் கணக்கில் மதிப்பிடப்பட்டது. இவ்வேறுபாட்டில் பிறந்த பெரும் இலாபம், அம்மண்ணைக் காடழித்துத் திருத்தியவரின் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரியதாகவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும்.

பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தையின் சுற்றுப்புறத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் இதற்குச் சான்றாவர். தோட்டங்கள் கைமாறிய பின், சொந்த வீடு கேட்டு அவர்கள் நெடுங்காலம் போராட நேர்ந்தது. 2020களில்தான் அரசின் நிதியுதவியோடு வீடமைப்புத் திட்டம் உருப்பெற்றது. அதற்குள் 2005இலேயே, தனியார் நிறுவனம் நடத்தும் குப்பை நிரப்பிடம் புக்கிட் தாகாரில் திறக்கப்பட்டுக் கோலாலம்பூரின் குப்பை அங்கு வந்து சேரத் தொடங்கிவிட்டது. நகரத்தின் குப்பைக்கு இடம் கிடைத்த விரைவு, நிலத்தில் உழைத்தவரின் வீட்டிற்குக் கிடைக்கவில்லை.

2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. 1981இல் கத்ரி நிறுவனத்தை மீட்ட நடவடிக்கையில் முக்கியப் பங்காற்றியவராக அறியப்பட்ட காலித் இப்ராகிம் அங்குப் போட்டியிட்டுத் தோற்றார். மறு ஆண்டு அதே தொகுதியில் வென்று மாநில மந்திரி பெசாரானார். லண்டன் பங்குச் சந்தையிலிருந்து ஈஜோக் தோட்டத்து வாசல்வரை வந்து வாக்குக் கேட்க நேர்ந்த அந்நிகழ்ச்சி, வாக்குச்சீட்டின் வலிமையை நன்கு உணர்த்துகிறது. தொழிலாளியிடம் பங்குப் பத்திரம் இல்லை, வாக்கு இருந்தது.

சட்டம் தந்த பள்ளி

தோட்டத்தமிழர் பெற்ற நன்மைகள் எவ்வழியில் வந்தன என்பதை ஆசிரியரும் மாணவரும் எண்ணிப் பார்த்தல் நலம். பள்ளிக்குச் செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. அப்பள்ளிகளுட் பல, கொட்டகையில், கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நடத்திய எளிய பள்ளிகளே. ஆயினும், அவ்விதி இல்லையேல் அவையும் இல்லை. பால் சீவும் கைக்கு எழுத்தறிவு எதற்கு என்று எண்ணிய முதலாளிக்கு, பள்ளி கட்டுவதில் இலாபம் யாதுமில்லை. 1990இல் வந்த சட்டம் தோட்டத்து வீடுகளுக்குக் குறைந்த அளவு வசதிகளை வரையறுத்தது. 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று நிறுவியது. மாதச் சம்பளம் வேண்டும் என்னும் தோட்டத்தொழிலாளரின் பழைய கோரிக்கை, சட்டத்தின் வாயிலாகவே ஓரளவு நிறைவேறியது.

முடிவுரை

சந்தை தீயது என்று நிறுவுவது இவ்வரலாற்றின் பயனன்று. உலகச் சந்தை இல்லையேல் வடசிலாங்கூரில் தோட்டங்களே தோன்றியிரா. தமிழ்ச் சமுதாயமும் இம்மண்ணில் இவ்வாறு வேரூன்றியிராது. ஆனால், அச்சந்தை ஒருபோதும் தானே இயங்கவில்லை. குடியேற்ற நிதியும், ஏற்றுமதிக் கட்டுப்பாடும், அவசரநிலையும், நிலச்சட்டமும் அதற்குத் தாங்குதூண்களாக நின்றன. அத்தூண்களை நட்ட அரசைக் கேள்வி கேட்க உழைப்போருக்கு உரிமை இல்லாதிருந்த காலங்களில், சந்தையின் நன்மை ஒரு பக்கமும் சந்தையின் சுமை மறுபக்கமும் சென்றன. சங்கமோ, கூட்டுறவோ, வாக்குச்சீட்டோ அவர்கள் கையில் இருந்த காலங்களில் சுமை சிறிதேனும் பகிரப்பட்டது.

இன்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் துவான் மீ, ராஜா மூசா முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பலகைகளில் காணப்படுகின்றன. தோட்டம் சுருங்கினும், ஆட்கள் வெளியேறினும், பெயர் பள்ளியில் தங்கியுள்ளது. அப்பெயர் எவ்வாறு வந்தது, அத்தோட்டத்தில் கூலியை யார் நிர்ணயித்தனர், அதைக் கேட்டவர்க்கு என்ன நேர்ந்தது என்பவற்றை அப்பள்ளியில் பயிலும் மாணவர் அறிதல் வேண்டும். முதியோர் நினைவில் எஞ்சியிருப்பவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு. பங்குச் சந்தையின் கணக்கேடுகள் பத்திரமாக உள்ளன. பெரட்டுக் களத்தின் கணக்கேடுகள் அவ்வாறில்லை.